மூன்று நாடுகளில் ஓர் உளுவை

எங்கள் தொழிலில் அவசரம் என்று ஒன்று வரும் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் நம்புவதில்லை. மருத்துவருக்கு அவசரம் உண்டு. தீயணைக்கிறவருக்கு உண்டு. போத்தலுக்குள் பல வருடங்களாகக் கிடக்கும் மீனுக்கு என்ன அவசரம்? உயிரினங்களை இனம் பிரித்துப் பெயர் சொல்லும் இந்த வேலையை ஆறுதலான மனிதர்களின் வேலை என்று நானும் நினைத்திருந்தேன். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தபோது அந்த நினைப்பு போய்விட்டது.

நாட்டில் எரிபொருள் தீர்ந்துபோன வருடம் அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் அப்போது பல்கலைக்கழகத்தில் இருந்திருப்பீர்கள், விரிவுரைகள் இல்லாமல் வீட்டில் இருந்திருப்பீர்கள். எங்கள் ஆய்வு நிலையமும் கிட்டத்தட்ட மூடித்தான் கிடந்தது. காவலாளி மட்டும் வந்துபோனார். மின்சாரம் வந்தது குறைவு, போனது அதிகம். திரும்பவும் வேலைக்கு வரச் சொன்ன அன்று நான் சாய்ந்தமருதிலிருந்து நடந்தே போனேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஜவ்பர் மருதமுனையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். நானும் அவரும் ஒரே வயது. ஏறக்குறைய ஒரே காலத்தில் இங்கே சேர்ந்தவர்கள்.

சேகரிப்பறையின் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. குளிரூட்டி எப்போது நின்றதோ தெரியாது. வழமையாக அந்த அறைக்குள் நுழைந்தால் மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் ஸ்பிரிட்டின் வாடை மூக்கைத் துளைக்கும். அன்று வாடை இலேசாக, பழசாக இருந்தது. ஜவ்பர் ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

“மெடம், இதப் பாருங்க. பாதிக்கு இறங்கிட்டு.”

வெப்பத்தில் மூடிகள் நெளிந்திருந்தன. சில வெடித்திருந்தன. அலுமாரிகளைத் தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டு போனோம். மீன்களின் முதுகுகள் ஸ்பிரிட்டுக்கு மேலே தெரிந்தன. ஒருமுறை காய்ந்த மீன் திரும்ப மீனாவதில்லை. செட்டை நொறுங்கிவிடும், செதில் உதிர்ந்துவிடும், அளவெடுக்க முடியாது. களஞ்சியத்தில் ஒரேயொரு கேன் ஸ்பிரிட் மிஞ்சியிருந்தது.

“எதை முதல்ல பாக்கிற?” என்று ஜவ்பர் கேட்டார்.

என்னிடம் உடனே பதில் இருந்தது. அந்தப் பதிலை விளங்கிக்கொள்ள நீங்கள் ஒரு சின்ன மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்னர், ஒலுவிலுக்குத் தெற்கே ஒரு சிறிய முகத்துவாரத்தில் இறால் குஞ்சுகளைக் கணக்கெடுக்கப் போயிருந்தபோது, கண்டல் வேர்களுக்குள் ஒரே வகை உளுவை மீன்கள் சிலவற்றைப் பிடித்தோம். விரல் நீளம்கூட இல்லை. கன்னத்தில் நீலக் கோடு ஒன்று இருந்தது. அதற்கு முன்னர் நான் பார்த்த எந்த உளுவைக்கும் அந்தக் கோடு இல்லை. வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளின் ஆய்வாளர்களுக்காக நடந்த பயிற்சியொன்றில் எனக்கு இருவர் அறிமுகமாகியிருந்தார்கள். ஒருவர் மார்த்தா. ஐரோப்பாவில் ஒரு பழைய அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறவர், உளுவைகளுக்காகவே வாழ்கிறவர். மற்றவர் லீனா. கேரளத்தில் எங்களுடையதைப் போன்ற சிறிய சேகரிப்பு ஒன்றுக்குப் பொறுப்பானவர். படங்களை இருவருக்கும் அனுப்பினேன்.

மார்த்தாவின் அருங்காட்சியகத்தில், வெள்ளைக்காரர் காலத்தில் நம் கரையோரத்திலிருந்து கொண்டுபோன உளுவைகள் கிடக்கின்றன. அவற்றின் சீட்டுகளில் ‘சிலோன்’ என்ற ஒரு சொல் மட்டும்தான் உண்டு. எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று எதுவும் இல்லை. மார்த்தா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். லீனா தன்னிடம் இருந்தவற்றைப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. எங்களிடம் இருந்தது உலகத்தில் யாரும் இதுவரை பெயர் வைக்காத மீன்.

மூன்று பேருமாகச் சேர்ந்து அதை விவரிக்கத் தொடங்கினோம். வேலை பாதியில் இருக்கும்போதே கடல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி முகத்துவாரம் அடைபட்டுப் போனது. கண்டல் மரங்கள் பட்டுப்போயின. பிறகு எத்தனை தடவை வலை போட்டும் அந்த உளுவை வரவில்லை. எங்கள் அறையில் ஒரு போத்தலுக்குள் இருந்தவைதான் அந்த இனத்தில் மனிதர் கையில் இருந்த எல்லாம்.

ஆகவே முதலில் அந்தப் போத்தலை நிரப்பினோம். ஸ்பிரிட் கன்னங்கள் வரை இறங்கியிருந்தது. இன்னும் சில நாள் பிந்தியிருந்தால் முடிந்திருக்கும்.

பிறகு ஸ்பிரிட் தேடும் படலம் தொடங்கியது. நம் ஊரில் ஸ்பிரிட் வாங்குவதற்கு மதுவரிக் காரியாலயத்தின் அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அபாயா போட்ட ஒரு பெண் அந்த வாசலில் போய் நிற்பதை ஜவ்பரால் தாங்க முடியவில்லை.

“நீங்க ஒதுங்கி நில்லுங்க மெடம். நான் போய்க் கதைக்கிறன்.”

“பொறுப்பதிகாரி நான்தானே ஜவ்பர். நான்தான் கையெழுத்து வைக்கணும்.”

“ஓம். ஆனா சனம் பாக்கும்.”

சனம் பார்த்தது. அந்த வாரம் ஜும்ஆ முடிந்து வந்த என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார், “பள்ளியில ஒராள் கேக்கார், உங்கட பொஞ்சாதிக்குச் சாராயம் கெடச்சிட்டா எண்டு.”

அனுமதி கிடைத்தது. ஆனால் ஸ்பிரிட் கிடைக்கவில்லை. விற்கிறவர்களிடம் இல்லை, இருந்தாலும் கொண்டுவர லொறிக்கு டீசல் இல்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த மருந்தாளர் ஒருவரிடம் போனேன். ஒரு வைத்தியசாலையின் மருந்துக் களஞ்சியம் அவருடைய பொறுப்பில் இருந்தது. நல்ல மனிதர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

“ஒரு கேன் தரலாம் மெடம். ஆனா அடுத்தது எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியா.”

களஞ்சியத்துக்கு முன்னால், கால் காயத்தை ஸ்பிரிட்டால் துடைத்து மருந்து கட்டுவதற்காக ஒரு வயோதிபர் வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை. நான் அந்த வரிசையைப் பார்த்தேன்.

“வேணாம் தம்பி. நீங்க வெச்சிக்கங்க.”

“யோசிச்சுச் சொல்லுங்க மெடம். இப்ப கேட்டா ஏலும்.”

“யோசிச்சிட்டன்.”

திரும்பி வரும்போது ஜவ்பர் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். தாளவட்டுவான் சந்தியைக் கடந்தோம். பிறகு, “நானும் அதத்தான் நெனச்சன்” என்றார்.

நம் வேலை முக்கியமானது என்று நம்பாவிட்டால் இந்தத் தொழிலில் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டீர்கள். ஆனால் அந்த நம்பிக்கையோடு அடுத்தவர்களின் கதவைத் தட்டும்போது, அந்தக் கதவுக்கு முன்னால் வேறு யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு வந்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

அடுத்த நாள் காலை, மின்சாரம் இருந்த நேரத்தில் லீனாவை அழைத்தேன். சில வருடங்களுக்கு முன்னர் வெள்ளத்தில் அவருடைய அறைக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. அந்த அனுபவம் அவருக்கு இருந்தது. நான் அழுகிற மாதிரிப் பேசியிருக்க வேண்டும். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

“போத்தலை மறந்துவிடு. மீனை மட்டும் நினை” என்றார். “போத்தலுக்குள் பாதிக்கு மேல் வெறும் ஸ்பிரிட். மீனுக்கு அவ்வளவு வேண்டாம். ஈரமாக இருந்தால் போதும், காற்றுப் படாமல் இருந்தால் போதும். பருத்தித் துணியில் சுற்று, நனை, காற்றுப் புகாத பெரிய வாளி ஒன்றில் அடுக்கு. ஒரு போத்தலின் ஸ்பிரிட்டில் ஒரு தட்டையே காப்பாற்றலாம்.”

மருதமுனையில் பருத்தித் துணிக்கு என்ன பஞ்சம்? ஜவ்பரின் மைத்துனர் கைத்தறி வைத்திருந்தார். சாயம் போடாத வெள்ளைத் துணி ஒரு கட்டு வந்து சேர்ந்தது. துணியில் கஞ்சி இருக்கக் கூடாது என்று லீனா சொல்லியிருந்தார். ஜவ்பரின் மனைவி ஒரு பகல் முழுக்க அலசிக் காயப்போட்டார். நானும் ஜவ்பரும் கிழித்துச் சுற்றத் தொடங்கினோம்.

அப்படிச் செய்தும் எல்லாவற்றுக்கும் போதாது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. எதைச் சுற்றுவது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். இனிச் சொல்லப்போவதைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது என்று விரும்புகிறேன். அழகானதை வைப்பதா, அரிதானதை வைப்பதா, கஷ்டப்பட்டுப் பிடித்ததை வைப்பதா என்று நான் தட்டுகளுக்கு முன்னால் நின்று குழம்பினேன். ஜவ்பர் என் முனைவர் பட்டத்து நண்டுகளின் தட்டைக் காட்டினார்.

“இது உங்கட நண்டு. இத முதல்ல சுத்துவமா?”

என் இளமைக்காலம் முழுவதும் அந்தத் தட்டில் இருந்தது. நாவிதன்வெளி வாய்க்கால்களிலும் வயல் வரம்புகளிலும் சேற்றில் இறங்கிப் பிடித்தவை. கையை நீட்டிவிட்டு நிறுத்தினேன். மாணவியாக இருந்தபோது எனக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். நான் சேகரித்த ஒவ்வொன்றிலும் ஒரு பங்கை நாட்டுக்கு வெளியே இரண்டு இடங்களுக்கு அனுப்பச் சொல்வார். எனக்குக் கோபம் வரும். ஏற்கனவே இவ்வளவு கொண்டுபோனவர்களுக்கு இன்னும் நாமே அனுப்ப வேண்டுமா என்று ஒருமுறை கேட்டும்விட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. “எல்லாத்தையும் ஒரே அலுமாரியில வைக்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல பிள்ளை” என்றார். அவ்வளவுதான்.

“ஜவ்பர், நண்டை விடுங்க” என்றேன்.

“என்ன மெடம் சொல்றீங்க?”

“இதுட பங்கு வேற ரெண்டு இடத்துல இரிக்கு. இது காஞ்சாலும் நண்டு அழியாது. இங்க மட்டும் இரிக்கிறத எடுங்க.”

அப்படியே செய்தோம். வேறெங்கும் பிரதி இல்லாதவற்றைச் சுற்றினோம், பிரதி உள்ளவற்றை விட்டோம். என் நண்டுகள் காய்ந்து கால் கழன்றுபோயின. அது வலித்தது, ஆனால் மனம் குழம்பவில்லை. குழப்பம் வேறோரிடத்தில் வந்தது. எங்களோடு வேலை செய்து, மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட ஒருவரின் கடலட்டைகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. அவற்றுக்கும் பிரதி இல்லை. ஆனால் அவற்றை நனைத்தால் மீன்களுக்குப் போதாது. நான் மீன்களின் பக்கம் போனேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் சில தீர்ப்புகள் அப்படியே கிடந்துவிடும். அதையும் சொல்லாமல் விட்டால், எல்லாம் நன்றாக முடிந்தது போன்ற தோற்றத்தைத் தந்துவிடுவேன்.

இந்த நேரத்தில்தான் நிலையத்தின் தலைவர் என்னைக் கூப்பிட்டார். மார்த்தாவின் அருங்காட்சியகத்திலிருந்து அவருக்கு ஓர் அழைப்பு வந்திருந்தது. எங்கள் நிலைமையைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். முழுச் சேகரிப்பையும் தங்களிடம் அனுப்பினால் செலவு அனைத்தையும் தாங்களே ஏற்றுப் பாதுகாப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“அனுப்பிடுவம்” என்றார் தலைவர். “சமையல் கேஸுக்கும் மாவுக்கும் சனம் வரிசையில நிக்கிற நேரம் இது. மீன் போத்தலுக்கு ஆரு காசு தரப் போறாங்க? நாளைக்கு எல்லாம் அழிஞ்சா நீங்களும் நானும்தான் பதில் சொல்லணும்.”

“எல்லாத்தையுமா சேர்?”

“எல்லாத்தையும்தான். சுனாமியில கடல் வந்த அண்டு பழைய இடத்த விட்டு நாம இந்தப் பக்கம் வந்தம். இனி எங்க போற? அவங்களிட்ட இரிந்தா நிம்மதி.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. எல்லாம் அங்கே போனால், நாளைக்கு நம் களப்பில் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு வருகிற பெண் அதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள்? விசா கேட்டு நிற்க வேண்டும், அல்லது படத்தை அனுப்பிவிட்டு யாருக்காவது நேரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் வளர்ந்தேன்.

ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கட்டடத்துக்குள் தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. முற்றத்து மரத்தடியில் நின்று மார்த்தாவை அழைத்தேன். அவருக்கு விடயம் தெரிந்திருந்தது.

“எங்கள் இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், இல்லையா?” என்றார்.

“ஓம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எனக்கு மரியாதைப் பதில் வேண்டாம்.”

“எல்லாவற்றையும் அனுப்பினால் எல்லாம் பத்திரமாக இருக்கும்” என்றார். “அந்தப் பெட்டிகளை நிலக்கீழ் அறையில் வைப்பார்கள். அங்கே தீ பிடிக்காது, சூடேறாது. ஆனால் யாரும் திறக்கவும் மாட்டார்கள். என்னிடமே திறக்காத பெட்டிகள் நிறைய இருக்கின்றன. உங்கள் கரையோரத்தின் மீன்களை அறிந்தவர்கள் உங்கள் கரையோரத்தில்தான் உருவாக வேண்டும். மீன்கள் இல்லாமல் அவர்கள் எப்படி உருவாவார்கள்?”

தன் அருங்காட்சியகத்துக்கு ஒரு பெரிய சேகரிப்பு வருவதை எதிர்த்து அவர் பேசிக்கொண்டிருந்தார். அதன் விலை அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

“அப்படியென்றால் ஒன்றையும் அனுப்ப வேண்டாம் என்கிறீர்களா?”

“உளுவையைப் பற்றி நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்” என்றார். “நான் சொல்ல மாட்டேன்.”

ஓர் உயிரினத்துக்கு முதன்முதலாகப் பெயர் வைக்கும்போது, இந்தப் பெயர் இந்த உடலுக்குத்தான் என்று ஒரேயொரு மாதிரியைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்று படித்திருப்பீர்கள். நூறு வருடம் கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தாலும் அந்த ஓர் உடலிடம்தான் திரும்பிப் போவார்கள். மூல மாதிரி என்கிறோம். எங்கள் உளுவைகளில் செட்டை முறியாத, முழு வளர்ச்சியடைந்த ஆண் ஒன்று இருந்தது. மூல மாதிரி அதுதான் என்பதில் எங்கள் மூவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அது இந்த மண்ணை விட்டுப் போகாது என்று நான் எல்லாக் கூட்டங்களிலும் சொல்லியிருந்தேன். சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருந்தேன்.

வீட்டுக்குப் போய் அஸர் தொழுதுவிட்டு இருந்தேன். நண்டுத் தட்டு மனதில் வந்தது. நண்டுகளை எந்தத் தைரியத்தில் விட்டேன்? வேறு இரண்டு இடங்களில் இருக்கின்றன என்ற தைரியத்தில். அந்தத் தைரியம் இந்த உளுவைக்கு ஏன் கிடைக்கக் கூடாது? நம்முடையது என்று சொல்லி வைத்திருப்பதும், இருக்கும்படி வைத்திருப்பதும் ஒன்றல்ல. அந்த மாதத்தில் அந்த மீனை இருக்கும்படி வைத்திருக்க எங்களால் முடியவில்லை. அதுதான் உண்மை. நம்முடையது என்ற உரிமையைக் காகிதத்தில் காப்பாற்றலாம். காய்ந்த மீனைக் காப்பாற்ற முடியாது.

மறுநாள் தலைவரிடம் போனேன்.

“சேகரிப்பு போகக் கூடாது சேர். உளுவை மட்டும் போகட்டும், அதுவும் பிரிஞ்சு போகட்டும். மூல மாதிரி மார்த்தாட்ட, ரெண்டு மாதிரி கேரளத்துக்கு, மத்தது இங்க. அவங்க நமக்கு உதவி செய்யணும் எண்டா மூடியும் ஸ்பிரிட்டும் அனுப்பட்டும். கப்பல்ல வரட்டும், பிந்தினாலும் பரவாயில்ல.”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “ஒண்டும் போக விடமாட்டீங்க எண்டு நெனச்சன். நல்லதத் தூக்கிக் குடுக்கிறீங்க?”

“இரவலாத்தான் குடுக்கிறம். இந்த நிலையம் எப்ப கேட்டாலும், காரணம் கேக்காமத் திருப்பித் தரணும். அது எழுத்தில வரணும்.”

“அவங்க ஒத்துக்குவாங்களா?”

“கேட்டுப் பார்ப்பம்.”

மார்த்தாவின் இயக்குநர் ஒத்துக்கொள்ளவில்லை. மூல மாதிரியை இரவலாகப் பெறும் வழக்கம் தங்களிடம் இல்லை என்றார். இழுபறி தொடர்ந்துகொண்டிருந்தபோது, வெளிநாடு போகும் ஒருவரின் பையில் சின்னப் போத்தலைக் கொடுத்துவிட்டால் என்ன, அனுமதிப் பத்திரங்கள் பிறகு வரட்டும் என்று ஒரு நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. ஆனால் அப்படிப் போன மீன்களுக்கு ‘சிலோன்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். திருட்டுத்தனமாகப் போனதைத் திருப்பிக் கேட்க எந்த வாயும் நமக்கு இருக்காது. முறைப்படி அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். காத்திருந்த நாட்களில் துணி காயாமல் பார்த்துக்கொள்வதே ஜவ்பரின் முதல் வேலையாக இருந்தது.

அருங்காட்சியகத்தில் என்ன நடந்தது என்பதை மார்த்தா எனக்கு அப்போது சொல்லவில்லை. பிறகு லீனா மூலம்தான் தெரிந்தது. அந்த நிபந்தனை இல்லாமல் பெட்டி வந்தால் தான் அதைத் திறக்கப் போவதில்லை, விவரிப்பிலும் தன் பெயர் வராது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டாராம். இயக்குநர் எழுத்தில் ஒத்துக்கொண்டார், ஆனால் மார்த்தா எதிர்பார்த்திருந்த பதவி உயர்வு அதற்குப் பிறகு வேறொருவருக்குப் போனது. நான் கேட்டபோது, “எனக்கு மீன்கள்தான் பிடிக்கும், கூட்டங்கள் பிடிக்காது” என்று மழுப்பினார்.

அனுமதி வந்த அன்று மூல மாதிரியைச் சுற்றினோம். நான் பிஸ்மி சொல்லித் துணியை மடித்தேன். பென்சிலால் எழுதிய சீட்டில் முகத்துவாரத்தின் பெயர், ஊரின் பெயர், தண்ணீரின் தன்மை, பிடித்தவர்களின் பெயர் எல்லாம் இருந்தன. ஜவ்பர் மூடியை இறுக்கினார்.

“மகன கட்டாருக்கு வேலைக்கு அனுப்பின அண்டு இப்பிடித்தான் இரிந்திச்சு” என்றார்.

“அவன் வந்தானே?”

“ஓம். அல்ஹம்துலில்லாஹ். வந்து வந்து போறான்.”

அதன் பிறகு விவரிப்பு முடிந்து வெளியானது. மீனுக்கு அந்த முகத்துவாரத்தின் பெயரையே வைத்தோம். மார்த்தா என் பெயரை வைக்கச் சொன்னார். ஊர்ப் பெயர் இருந்தால் ஊர் தேடும் என்று நான் மறுத்தேன். அது உண்மையாகவே நடந்தது. பெயர் வந்த பிறகுதான் தேடுவதற்கு ஆட்கள் வந்தார்கள். நீலக் கோட்டைப் படத்தில் பார்த்திருந்த மாணவிகள் இரண்டு பேர் பக்கத்துக் களப்பொன்றின் கண்டல் காட்டுக்குள் வலை போட்டு, உயிரோடு அந்த உளுவையைப் பிடித்தார்கள். பெயர் இல்லாதிருந்தால் அதுவும் ஏதோ ஓர் உளுவையாகக் கறிச் சட்டிக்குக்கூட உதவாமல் கரையில் எறியப்பட்டிருக்கும். அந்தக் கண்டல் காட்டை நிரவிப் படகுத் துறை அமைக்கும் யோசனை வந்தபோது, பாதுகாக்க வேண்டிய இனங்களின் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. படகுத் துறையைக் கொஞ்சம் வடக்கே தள்ளினார்கள். மீனவர்களுக்கும் துறை கிடைத்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். தூரம் கூடியதாகச் சிலர் இன்னும் என்னைக் குறை சொல்கிறார்கள். கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

சர்வதேச ஒத்துழைப்பு என்று அறிக்கைகளில் எழுதுகிறோம். நானும் நிறைய எழுதியிருக்கிறேன். அந்த வருடத்தில் எனக்கு அது மூன்று விதமாக வந்தது. வெள்ளத்தைப் பார்த்த ஒருத்தி, துணியில் சுற்று என்று சொன்னார். எல்லாவற்றையும் தா என்று ஒரு பெரிய இடம் கேட்டது. அதே இடத்துக்குள் இருந்த ஒருத்தி, எல்லாவற்றையும் தராதே என்று சொன்னார். மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான். எது எது என்று பிரித்தறிய வேண்டிய வேலை நம்முடையது. இனம் பிரிப்பதுதானே நம் தொழில்.

இந்த வருடம் மார்த்தாவும் ஓய்வு பெறுகிறார். போவதற்கு முன்னர் தன் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணை எனக்குத் தொலைபேசியில் அறிமுகப்படுத்தினார். இன்கிரிட் என்று பெயர். உங்கள் வயதுதான் இருக்கும். நலம் விசாரித்துவிட்டு அந்தப் பெண் கேட்டாள், “உங்கள் மூல மாதிரியைத் திருப்பி அனுப்பட்டுமா? அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன்.”

ஓம் என்ற சொல் என் நாக்கு வரை வந்தது. ஆனால் நான் இப்போது அந்த அறைக்குப் பொறுப்பானவள் இல்லை. “அதை நான் சொல்லக் கூடாது. எங்கள் நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள் சொல்லுவார்கள்” என்றேன்.

ஆகவே அந்தத் தீர்மானம் உங்களுடையது. அறையைப் பாருங்கள். குளிரூட்டியைப் பாருங்கள், மின்சாரம் போனால் மின்பிறப்பாக்கி எவ்வளவு நேரம் ஓடும் என்று பாருங்கள், களஞ்சியத்தில் எத்தனை கேன் ஸ்பிரிட் இருக்கிறது என்று ஜவ்பருக்குப் பிறகு வந்தவரிடம் கேளுங்கள். கேட்டு எடுப்பதும் கௌரவம்தான், இன்னும் சில காலம் அங்கேயே இருக்கட்டும் என்று விடுவதும் கௌரவம்தான். நான் எந்தப் பக்கம் என்று என்னிடம் வந்து கேட்காதீர்கள்.

ஆனால் தீர்மானிக்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே இன்கிரிட்டை அழைத்துப் பேசுங்கள். மின்னஞ்சல் வேண்டாம். அவளுக்குச் சின்ன மகள் ஒருத்தி இருக்கிறாள், முதலில் அவளைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் என்ன மீனில் வேலை செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அவள் என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். நம் ஊரில் அடுத்த தடவை ஏதாவது தீர்ந்துபோகும்போது, உங்கள் குரல் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.